கட்டி விடும் ஓலையும் அதற்குச் செவிகொடுக்கும் நொதியமும்

(சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புற்றுநோயைப் பற்றிப் பேசவேண்டும் என்பது சங்கத்தார் நமக்கு இட்ட பணி. அந்நோய் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்க எவராலும் ஆகாது. ஆதலால் ஒரேயொரு கேள்வியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். உடம்புக்குள்ளே ஒரு கட்டி வளர்கிறதென்றால் அதற்குச் சோறு போடுவது யார்? இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்ட விடை விசித்திரமானது. கட்டிக்குச் சோறு போடுவது நமது சரீரமேதான். கட்டி ஓலை விடுகிறது. சரீரம் அந்த ஓலையை நம்பி வழி வெட்டி, குழாய் போட்டு, இரத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஓலையை வாங்கி வாசித்து வேலையைத் தொடக்கி வைப்பது ஒரு நொதியம். அதன் இனத்துக்குப் புரதக் கைனேஸ் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரியவர்கள் மிரள வேண்டாம். பெரட்டுக்களமும் செக்ரோலும் தெரிந்த நமக்கு இது விளங்காத சங்கதி அன்று.

முதலில் ஒரு கணக்கு. நமது உடம்பிலுள்ள கலங்களில் ஏறத்தாழ எல்லாமே ஏதேனும் ஒரு மயிர்க்குழாய்க்கு மிக அருகிலேயே வசிக்கின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாகப் பங்கிட்டால் அதில் ஒன்று அல்லது இரண்டு பங்கு தூரம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் ஒட்சிசன் ஊறிச் செல்லாது. பீலித் தண்ணீர் அடுத்த லயத்துக்குத் தானாக நடந்து போகாது அல்லவா? அதைப் போலத்தான். ஆகவே கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கிய ஒரு கலக்கூட்டம் குண்டூசித் தலை அளவு, அதாவது 1 அல்லது 2 மில்லிமீற்றர் ஆனதும் திண்டாடிப் போகிறது. வெளியோரத்தில் இருப்பவை பிழைக்கும்; நடுவில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். பிறப்பும் இறப்பும் சமமாகி, கட்டி அந்த அளவிலேயே நிற்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்பதும் உண்டு.

இந்த உண்மையைக் கண்டு சொன்னவர் அமெரிக்க நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் யூதா ஃபோக்மன். அவர் கதை கேட்கத் தக்கது. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் கடற்படையில் சேவை செய்தார். நெடுநாட் கடலில் கிடக்கும் கப்பல்களுக்கு, கெடாமல் வைத்திருக்கக்கூடிய இரத்தப் பதிலி ஒன்று தேவைப்பட்டது. அதைச் சோதிப்பதற்காக ஒரு விலங்கின் தைரொயிட் சுரப்பியை வெளியே எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அந்தத் திரவத்தை அதனுள் ஓடவிட்டார். சுரப்பி உயிரோடு இருந்தது. சரி, வேகமாக வளரும் பொருள் ஒன்றை இதில் இட்டுப் பார்ப்போம் என்று புற்றுநோய்க் கலங்களை அதில் நட்டார். அவை சிறு மணியளவு வளர்ந்து, அப்படியே நின்றுவிட்டன. செத்தனவோ என்று பார்த்தால் அதுவுமில்லை. அதே மணிகளை உயிருள்ள எலிக்குள் வைத்தபோது மளமளவென்று பெருத்தன. இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் என்ன? எலிக்குள் இருந்த கட்டியைப் புதிய இரத்தக் குழாய்கள் தேடி வந்து சூழ்ந்துகொண்டன. கண்ணாடிக் கலத்துக்குள் அப்படி ஒன்றும் வரவில்லை.

இரத்தப் பதிலி தேடிப் போனவர் கண்டது இது. பிற்பாடு அவர் பொஸ்டன் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றியபோது, அவருடைய கூட்டத்தார் முயலின் கண்ணில் இன்னும் தெளிவான பரீட்சை ஒன்றைச் செய்தனர். கண்ணின் முன்னறையில் உள்ள திரவத்தில், குழாய்களுக்கு எட்டாத இடத்தில் கட்டித் துணுக்கை மிதக்கவிட்டால் அது சிறு உருண்டையாகவே கிடந்தது. அதே துணுக்கை இரத்தக் குழாய்கள் நிறைந்த கருவிழித் திரைக்கு அருகே தள்ளியதும், குழாய்கள் அதை நோக்கி வளைந்து வளர்ந்து உள்ளே புகுந்தன. சில நாட்களில் கட்டி பலமடங்கு பெருத்துவிட்டது. 1971இல் ஃபோக்மன் இதை ஒரு கொள்கையாக எழுதி வெளியிட்டார். கட்டி ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டுக் குழாய்களை அழைக்கிறது. அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்பது அதன் சாரம். அக்காலத்துப் பெரியவர்கள் பலர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள குழாய்கள் வெறும் அழற்சியின் அடையாளம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பொருளைக் கையில் பிடித்துக் காட்டும்வரை அவர் பேச்சு எடுபடவில்லை.

கையில் பிடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. 1983இல் டொனால்ட் செங்கர், ஹரல்ட் டுவொராக் ஆகியோர், கட்டிகளிலிருந்து வடியும் ஒரு புரதம் இரத்தக் குழாய்களை ஒழுகச் செய்கிறது என்று கண்டனர். 1989இல் இத்தாலியரான நப்போலியோனே ஃபெராரா, அமெரிக்காவில் இருந்துகொண்டு, மாட்டின் கபச் சுரப்பிக் கலங்களிலிருந்து குழாய்களை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இருவகையும் ஒன்றே என்பது பிறகு தெரிந்தது. அதுதான் நாம் ஓலை என்று சொன்ன பொருள். ஆங்கிலத்தில் நீண்ட பெயர்; நாம் குழாய் வளர்ச்சிக் காரணி என்று அழைத்துக்கொள்வோம்.

ஓலையை எழுதச் செய்வது மூச்சுத்திணறல். ஒட்சிசன் போதாத கலத்தில், சாதாரண வேளையில் உடனுக்குடன் அழிக்கப்பட்டுவரும் ஒரு புரதம் அழியாமல் தங்கிவிடுகிறது. அது கலத்தின் கருவுக்குள் சென்று, "காரணியை உற்பத்தி செய்" என்று உத்தரவு போடுகிறது. ஒட்சிசனைக் கலம் எவ்வாறு அளந்தறிகிறது என்ற இந்தச் சங்கதியைத் துலக்கியதற்காகவே 2019இல் கெய்லின், ரற்கிளிஃப், செமென்சா என்ற மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நாம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்த ஓலை கள்ள ஓலை அன்று. கால் விரலில் கவ்வாத்துக் கத்தி பட்டுப் புண்ணானால், அந்தப் புண் ஆறுவதற்கும் இதே காரணிதான் குழாய்களை அழைக்கிறது. கர்ப்பத்தில் சிசுவுக்கு இரத்தம் கொடுப்பதற்கும் மாதாமாதம் கருப்பையின் உட்போர்வை வளர்வதற்கும் இதுவே. வளர்ந்த மனிதனிடம் இவை தவிர்ந்த வேளைகளில் குழாய்க் கலங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் பெருகாமல் சும்மா கிடக்கின்றன. ஓலையும் முத்திரையும் அசல். அனுப்பியவன் மட்டும் திருடன். அதனாலேதான் சரீரம் ஏமாறுகிறது.

இனி நொதியத்துக்கு வருவோம்.

கைனேஸ் என்றால் என்ன? தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் பெரட்டுக்களத்தில் வந்து நின்றாலும், செக்ரோலில் பேர் விழுந்தால்தான் ஒருவருக்கு வேலை. பேர் போடுவது ஒரு சிறு மைக்கீறல். ஆனால் அந்தக் கீறல் இல்லையேல் மலையில் ஒரு கொழுந்தும் கிள்ளப்படாது. உடம்புக்குள்ளே இந்த மை, பொஸ்பேட். ஆம், உரமூட்டையில் வருகிற அந்தப் பொஸ்பேட்டின் இனந்தான். ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளிலிருந்து ஒரு பொஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டுவது கைனேசின் தொழில். ஒட்டியதும் சும்மா கிடந்த புரதம் எழுந்து வேலை செய்யும். அல்லது வேலை செய்துகொண்டிருந்தது ஓயும். ஒட்டியதைத் துடைத்தெடுக்க வேறு நொதியங்கள் இருக்கின்றன. எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர் 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் சியட்டில் நகரத்துச் சர்வகலாசாலையில் முயலின் தசையில் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்று அது தசைக்கு மட்டும் உரிய ஒரு சிறு விசேஷம் என்றே பலர் எண்ணினார்கள். 1992இல் அவர்களுக்கு நோபல் பரிசு வந்து சேர்வதற்குள், உயிர்க்கலத்தின் நிர்வாகமே இப்படித்தான் நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. மனித உடம்பில் 518 கைனேஸ்கள் உண்டென்று 2002இல் எண்ணிச் சொன்னார்கள். 518 கணக்கப்பிள்ளைகள்! நம் தோட்டங்களில் ஒருவரைச் சமாளிப்பதே பெரும்பாடு.

இவர்களுள் நம் கதைக்கு உரியவர், இரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பதித்தாற்போல் ஒட்டிக்கிடக்கும் கலங்களின் மேற்பரப்பில் குடியிருக்கிறார். குழாய் வளர்ச்சிக் காரணியின் இரண்டாம் வாங்கி என்று அவருக்குப் பெயர். உடலின் ஒரு பாதி கலத்துக்கு வெளியே, மறு பாதி உள்ளே. வெளிப்பாதி ஓலையைப் பிடிக்கும் கை. உட்பாதி மைக்கோல் பிடிக்கும் கை, அதாவது கைனேஸ். ஓலை வராத வேளையில் வாங்கிகள் தனித்தனியே திரிகின்றன. காரணி வந்து சேர்ந்ததும் அது இரண்டு வாங்கிகளை ஒருங்கே பிடித்து நெருக்கிவிடுகிறது. நெருங்கிய இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொஸ்பேட் கீறுகின்றன. ஒரு கணக்கப்பிள்ளை தன் பேரைத் தானே போட முடியாது. பக்கத்தில் நிற்பவர் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். டைரோசின் என்னும் அமினோ அமிலம் இருக்கிற குறித்த சில இடங்களில் மாத்திரமே இந்தக் கீறல் விழும். அவற்றுள் 1175ஆம் இடம் மிக முக்கியமானது.

அந்த இடத்தில் பேர் விழுந்ததும் உள்ளே காத்து நின்ற வேறு புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து செய்தி கங்காணிக்குக் கங்காணி கைமாறுகிறது. ஒரு வழி, புரதக் கைனேஸ் சீ என்பதை எழுப்பி, அதன் மூலம் மற்றும் பல கைனேஸ்களை வரிசையாக எழுப்பி, கலத்தின் கருவுக்குள் போய் "பெருகு" என்கிறது. இன்னொரு வழி, அக்ற் என்னும் கைனேஸ் வாயிலாக "சாகாதே" என்கிறது. வேறொன்று சுவரைத் தளர்த்தி ஒழுகவைக்கிறது. இத்தனைக்கும் தொடக்கம் அந்த ஒரு சிறு கீறல். பிறகு நடப்பது கண்கொள்ளாக் காட்சி. குழாயைச் சுற்றிய உறையை அரித்துக்கொண்டு ஒரு கலம் முன்னே தலைநீட்டுகிறது. அது மெல்லிய விரல்களை நீட்டி, காரணி எந்தப் பக்கம் மிகுதியாய் மணக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து செல்கிறது. பின்னால் நிற்கும் கலங்கள் பெருகி, அதன் காலடியில் உள்ளீடற்ற குழாயாக உருப்பெறுகின்றன. இரண்டு கிளைகள் சந்தித்துக்கொண்டால் இரத்தம் ஓடத் தொடங்கும். காட்டில் புதுமலை வெட்டும்போது முன்னே ஒருவர் கத்தியோடு புதர் நீக்கிப் போக, பின்னே கான் வெட்டுகிறவர்கள் வருவார்களாமே, அதே ஒழுங்கு.

இந்த வாங்கி இல்லாமலே ஓர் எலிக்குஞ்சைக் கருவாக்க முடியுமா என்று 1995இல் பார்த்தார்கள். கரு ஒன்பது நாட்களுக்குமேல் தாங்கவில்லை. அதில் இரத்தக் குழாயே தோன்றவில்லை. இதற்கு முந்திய ஆண்டு, வேறொரு கூட்டத்தார், எலியின் குழாய்க் கலங்களில் இந்த வாங்கியின் கைனேசை ஊமையாக்கிவிட்டு அதே எலிக்குள் மூளைக் கட்டிக் கலங்களை நட்டுப் பார்த்தார்கள். கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது. கட்டிக் கலத்தைத் தொடவேயில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு அடிமையாய் உழைக்கும் குழாயைத் தொட்டதே போதுமாயிற்று.

ஆனால் திருட்டு வழியில் போட்ட குழாய் நேரான குழாயாக இருப்பதில்லை. கட்டிக்குள் ஓடும் குழாய்கள் கோணல் மாணலாக, சில இடம் பருத்தும் சில இடம் சிறுத்தும், ஓட்டையும் ஒழுக்குமாய் இருக்கும். இரத்தம் ஒரு பக்கம் தேங்கும், ஒரு பக்கம் எட்டாது. எட்டாத இடத்தில் மேலும் மூச்சுத்திணறல், மேலும் ஓலை. மருந்தை ஊசிமூலம் ஏற்றினாலும் அது கட்டியின் உள்ளிடம் போய்ச் சேருவதில்லை. இதை ஆண்டாண்டாக அளந்து காட்டியவர் ராகேஷ் ஜெயின். இந்தியாவில் பிறந்து, கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் 1972இல் இரசாயனப் பொறியியற் பட்டம் பெற்று அமெரிக்காவுக்குச் சென்றவர். குழாய்களை முற்றாக அழிப்பதைவிட, ஓலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி அவற்றைச் சீராக்கினால் மருந்து உள்ளே போகும் என்பது 2001இல் அவர் சொன்ன கருத்து. வைத்தியனுக்குப் பொறியியலாளன் வழிகாட்டியது நமக்கு மிகவும் பிடித்த பகுதி. கணிதத்தை வெறுக்கும் தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ளலாம். 2016இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இப்போது எல்லாரும் கேட்க நினைப்பதைக் கேட்போம். மருந்து உண்டா?

உண்டு. இரண்டு வகை. ஒன்று, ஓலையை வழியிலேயே பறித்துக்கொள்ளும் பிறபொருளெதிரி. பெவசிசுமாப் என்ற பெயரில் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்றது மாத்திரை, வாங்கியின் கைனேஸ் பகுதிக்குள் நுழைந்து, ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியில் தான் உட்கார்ந்துகொள்ளும். மைக்கூட்டின் வாயை அடைத்துவிட்டால் கணக்கப்பிள்ளை எதைத் தொட்டு எழுதுவார்? சொரஃபெனிப் 2005 கடைசியிலும் சுனிடினிப் 2006 தொடக்கத்திலும் சிறுநீரகப் புற்றுநோய்க்காக வெளிவந்தன. குழாய்கள் மிகுந்த அந்தப் புற்றுநோயில் இவை நல்ல பலன் கொடுத்தன.

ஆனால் சபையில் பொய் சொல்லக்கூடாது. 1998இல் ஃபோக்மனின் ஆய்வுகூடத்து எலிகளில் கட்டிகள் சுருங்கிய செய்தியைப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட்டு, இனிப் புற்றுநோய் ஒழிந்தது என்று ஆரவாரித்தன. உலகமெங்குமிருந்து நோயாளிகள் மருந்து கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஃபோக்மன் மட்டும், எலிக்குப் புற்றுநோய் வந்தால் எங்களால் நன்றாகக் கவனிக்க முடியும் என்ற பொருள்படச் சொல்லி அடக்கமாக இருந்தார். அவர் அடக்கந்தான் சரியாயிற்று. பெவசிசுமாப் மருந்தைப் பரவிவிட்ட பெருங்குடற் புற்றுநோயாளர் 813 பேரிடம் சோதித்தபோது, வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். வித்தியாசம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. ஐந்து மாதமும் ஒரு தாய்க்கு ஐந்து மாதந்தான். நாம் அதை இகழவில்லை. எனினும் பத்திரிகை சொன்னது அதுவல்லவே! மார்பகப் புற்றுநோய்க்கு 2008இல் கொடுத்த அனுமதியை, ஆயுள் நீளவில்லை என்று கண்டு, 2011இல் அமெரிக்க அதிகாரிகள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? கட்டி சளைப்பதில்லை. ஓர் ஓலையைத் தடுத்தால் வேறு கையெழுத்தில், வேறு காரணிகளைக்கொண்டு ஓலை விடுகிறது. சில வேளை புதுக் குழாய் வெட்டாமல், ஏற்கெனவே இருக்கும் குழாயைச் சுற்றிப் படர்ந்து கொள்கிறது. மறுபுறம், நல்ல வேலைக்கும் அதே நொதியந்தான் என்று முன்னரே சொன்னோம் அல்லவா? அதை அடைத்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது, காயம் ஆறத் தாமதிக்கிறது, இரத்தப்போக்கு உண்டாகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. இடையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நீரிழிவு முற்றிக் கண்ணின் உட்திரையில் இதே காரணியால் கண்டபடி குழாய் முளைத்துப் பார்வை கெடுகிறவர்களுக்கு, இந்த மருந்தினத்தைக் கண்ணுக்குள் சிறிதளவு ஊசியால் ஏற்றிப் பலருடைய பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். கட்டிக்காகப் பிறந்த மருந்து கண்ணில் பேர் எடுத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் புற்றுநோய் என்றதும் முதலில் நினைவுக்கு வரவேண்டியது வாய். இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. மடியிலுள்ள வெற்றிலைப் பையை அவிழ்த்தால் போதும்.

இது புதுச் சங்கதியும் அன்று. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரின் மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றிய பென்டல் என்ற வைத்தியர், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அதே நெய்யூரிலிருந்து ஓர் என்ற வைத்தியர் 1933இல், பாக்கு மெல்லுகிறவர்களின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி எழுதினார். நம் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியே நடந்து மலையேறிய காலத்தில், பசியையும் குளிரையும் மறக்க அவர்கள் மடியில் கட்டிவந்தது அந்த வெற்றிலைப் பொட்டலந்தான். வந்து சேர்ந்த இடமோ பாக்குக்குப் பேர்போன சப்பிரகமுவ! கண்டி இராச்சிய காலத்திலேயே இங்கத்தைய பாக்கு சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறியிருக்கிறது. கேட்பானேன்?

நமது சப்பிரகமுவ மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாயை விளக்குப் பிடித்துப் பார்த்து, 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய வெண்படலம், செம்படலம், வாயின் உட்தோல் நார்பிடித்து இறுகுதல் முதலியவை நூற்றுக்கு 11.3 பேரிடம் இருந்தன. ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். இந்தச் சபையில் உள்ள முப்பது வயது கடந்தவர்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொதியத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்கு இங்கேதான் பிரயோசனம். வெண்படலமாய் இருக்கும்போது அது மேற்றோலுக்குள்ளேயே அடங்கிய சங்கதி. மேற்றோலுக்கென்று இரத்தக் குழாய் கிடையாது. அடித்தோலிலிருந்து ஊறுவதைக் கொண்டே அது வாழ்கிறது. கலங்கள் கெட்டுப் போகப்போக, அடியிலுள்ள குழாய்களின் தொகை கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஓலை போகத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். அடிச்சவ்வை உடைத்துக்கொண்டு கீழே இறங்கி, குழாய்களோடு சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் புற்றுநோய். நுரையீரலும் ஈரலும் வயிற்றுக்குள் கிடக்கும் பிற உறுப்புகளும் நம் கண்ணுக்குப் படாதவை. அவற்றில் ஓலை போவதற்குமுன் கண்டுபிடிப்பது அரிது. வாயோ ஒரு கைவிளக்கும் ஒரு கரண்டிக் காம்பும் இருந்தால் பார்த்துவிடக்கூடிய இடம். கைனேசை அடைக்கும் விலையுயர்ந்த மருந்து வாய்ப் புற்றுநோய்க்கு உதவுமா என்றும் பார்த்தாயிற்று. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் மீண்டும் வந்த அல்லது பரவிய 403 பேரிடம் பெவசிசுமாப் சேர்த்துக் கொடுத்துச் செய்த பரீட்சையின் முடிவு 2019இல் வெளிவந்தது. ஆயுள் 11 மாதத்திலிருந்து 12.6 மாதமாயிற்று; அது தற்செயலான வித்தியாசமாகவும் இருக்கலாம் என்று கணக்கு சொல்லிற்று. இரத்தப்போக்கு மட்டும் நிச்சயமாய்க் கூடிற்று.

பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளுக்கு நாம் அறிந்தவரை விடை சொல்லுகிறோம்.

"புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கும் வெற்றிலையும் மட்டுந்தான்" என்பார்கள். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இலேயே கூறிவிட்டது. 2004இல் வெளியிட்ட நூலில் புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், தனிப் பாக்குமே புற்றுநோய் தருவனவென்று தீர்மானித்தது. வாயின் உட்தோலை இறுக்குவதும் பாக்குத்தான். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் வைப்பதை இரவெல்லாம் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு உறங்குவதைத்தான் சொல்லுகிறோம்.

"வலியில்லையே" என்பார்கள். வலியில்லாததே இதன் குணம். வலி வருவது பெரும்பாலும் பிந்தித்தான்.

"விட்டுவிட்டால் மாறுமா" என்றால், மெல்லுவதை நிறுத்தியபின் வெண்படலம் மெலிவதும் மறைவதும் உண்டு. நார்பிடித்து இறுகிய வாய் பழையபடி இளகுவது அரிது. தம் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடியாதவர்கள் இருந்தால் அவர்கள் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், கீழ்ப்பல் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே வெற்றிலைக் கட்டை அடக்கும் மூலை, இவ்விடங்களில் வெள்ளையோ சிவப்போ ஆறாத புண்ணோ மூன்று வாரத்துக்குமேல் நின்றால் அதுவும் காட்டவேண்டிய விஷயமே. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் காசு இல்லை. ஆனால் ஒரு நாள் பேர் விழாமற் போகும். தோட்டத்தில் வாய்ப்புண்ணை மாதக்கணக்கில் மூடிவைப்பதற்குப் பெரிய காரணம் அந்த ஒரு நாள் சம்பளம் என்பதை நாம் அறிவோம். ஆகையால்தான் இளைஞர்களிடம் கேட்கிறோம்: அப்பாயியையோ அம்மாயியையோ கூட்டிக்கொண்டு போக வீட்டுக்கொருவர் முறைவைத்துக்கொள்ள முடியாதா? விளக்குப் பிடித்து முதலில் பார்ப்பதற்குப் படிப்பும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. "கத்தி வைத்தால் பரவிவிடும், ஆகையால் துணுக்கு எடுக்க விடமாட்டேன்" என்று பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். வைத்தியர் எடுப்பது அரிசியளவு தசை. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் படலமா, புற்றா என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியும். வாய்ப் புற்றுநோய் பரவுவது பெரும்பாலும் நிணநீர்க் குழாய் வழியாகக் கழுத்துக்கு. அந்தக் குழாய்களையும் கட்டி ஓலை விட்டுத்தான் வளர்க்கிறது. அதற்குச் செவிகொடுப்பது முன்னே சொன்ன வாங்கியின் தம்பி முறையான மூன்றாம் வாங்கி. அதுவும் ஒரு கைனேஸ். கத்தி பட்ட நாளில் அது வழி வெட்டத் தொடங்கவில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வெட்டிக்கொண்டிருந்தது.